விரல்களை எண்ணினால் போதாது

பொய்ப் படத்தைக் கண்டுபிடிக்க விரல்களை எண்ணிப் பாருங்கள் என்று இன்னும் பலர் பகிர்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் படம் வரையும் இப்போதைய கருவிகள் ஐந்து விரல்களையும் பெரும்பாலும் சரியாகவே வரைந்துவிடுகின்றன.

எனக்குத் தீராத வியப்பு கேமராவுக்குள் நடப்பதுதான். பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது ஒவ்வொரு சிறு புள்ளியும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு கேமராவே கணக்கிட்டு நிரப்புகிறது. ஆகவே படம் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒழுங்கு ஓடுகிறது. வேறொரு படத்தின் முகத்தை வெட்டி, அளவு மாற்றி ஒட்டினால் அங்கே அது குலைகிறது. படத் தடயவியல் ஆய்வாளர்கள் அலின் போபெஸ்குவும் ஹானி ஃபரித்தும் 2005-இலேயே இதைக் கணிதமாக்கிக் காட்டினார்கள். எவ்வளவு அழகான சிந்தனை! கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாருக்கும் தனக்கே உரிய இரைச்சல், அதாவது படத்தில் பதியும் மிக நுண்ணிய பிசிறு, உண்டு. எந்தக் கேமரா எடுத்தது என்று அதை வைத்தே சொல்ல முடியும்.

ஆனால் செய்திச் செயலிகளில் படம் கைமாறும்போது சுருங்கி, மறுபடி அழுத்தப்பட்டு, இந்தத் தடயங்கள் தேய்ந்துபோகின்றன. அதுதான் என் பெருங்கவலை.

தேயாமல் நிற்பது நிழல். நிழலின் முனையையும் அதை உண்டாக்கிய பொருளின் முனையையும் கோட்டால் இணையுங்கள். ஒளி ஒன்றே என்றால், நீட்டிய கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்கும், அல்லது இணையாக ஓடும். இதற்கு ஓர் அளவுகோல் போதும்.

"90 சதவீதம் செயற்கை" என்று மட்டும் சொல்லும் தளங்களை நான் ஏற்பதில்லை. யாராவது சந்தேகப் படம் அனுப்பினால் முதலில் மூலக் கோப்பைத்தான் கேட்கிறேன்.