தாழ்ப்பாள் சத்தம்

கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தத்தை இன்று காலை சாம்ப்ளரில் (சத்தத்தைப் பதிந்து, சுருதி மாற்றி வாசிக்கும் கருவி) பதிந்தேன். அரை விநாடிகூட இல்லை.

அதை ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, இறக்கி வாசித்தேன்.

‘டக்’ என்று ஒற்றைச் சத்தமாக இருந்தது இரண்டாகப் பிரிந்தது. முதலில் இரும்பு மரத்தில் மோதுகிறது. அப்புறம், மெல்லியதாக ஒரு நடுக்கம். பத்து வருஷமாகத் தினமும் சாத்துகிற கதவு. அந்த நடுக்கம் இதுவரை என் காதில் விழுந்ததே இல்லை.

ஒரு ஆக்டேவ் இறக்கினால் வேகம் பாதி, நீளம் இரட்டிப்பு. அவ்வளவுதான் சங்கதி.

1987இல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தமே சுமார் 10 விநாடிதான் பதிய முடியும். ஹிப்ஹாப்காரர்கள் என்ன செய்தார்கள்? நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டு, குறைந்த விநாடிகளில் பதிந்து, உள்ளே போனதும் பழைய சுருதிக்கு இறக்கினார்கள். 12 பிட் பெட்டி வேறு, சத்தத்தை அத்தனை நுணுக்கமாகப் பதியாது. இறக்க இறக்கச் சத்தத்தில் ஒரு சொரசொரப்பு ஏறிக்கொண்டது. இடத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் கிடைத்த ருசி! அதை வரவழைக்க இன்று தனி எஃபெக்டே விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன் (சிரிக்காதீர்கள்).

என் கணினியில் மாதக்கணக்கில் பதிய இடம் இருக்கிறது. கிடப்பதெல்லாம் முடிக்காத பாட்டுகள்.

சாயங்காலம் தாழ்ப்பாளுக்கு ரிவெர்ப் (பெரிய கூடத்தில் கேட்கிற மாதிரி முழக்கம்) போட்டேன். நடுக்கம் கரைந்துபோனது. எடுத்துவிட்டு டிலே (சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவது) மட்டும் வைத்தேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: “யாரோ கதவைத் தட்றாங்க, காதுல விழலையா?”