ஒரு கிலோவாட் புஷ்-புல்லுக்கு எந்த ஐசி?

மழைக்காலக் காற்றில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மரம் சாய்ந்து கரண்ட் போனால் பற்றரியும் இன்வெர்ட்டரும்தான் துணை. அதற்காக 12 வோல்ட்டிலிருந்து ஒரு கிலோவாட் எடுக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த ஐசி எத்தனை வாட் தாங்கும்?" ஐசி என்பது துடிப்புகளை உண்டாக்கிக் கட்டுப்படுத்தும் சில்லு. அது வாட்டைச் சுமப்பதில்லை, சுமப்பவை மொஸ்பெட்டும் (கரண்ட்டைத் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டர்) ட்ரான்ஸ்போமரும். ட்ரான்ஸ்போமரின் கோர் (சுருள் சுற்றிய காந்த உள்ளகம்) ஒரு பக்கமாகக் காந்தமேறிச் சாய்ந்தால் ஐசி அதைக் கண்டு நிறுத்துமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

புஷ்-புல் என்பது இரு பக்கத்து மொஸ்பெட்டுகள் மாறி மாறித் திறந்து ட்ரான்ஸ்போமரை ஓட்டும் அமைப்பு. அதன் இரு பாதிகளும் ஒருபோதும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மொஸ்பெட் சற்றே தாமதித்து அணையும். அந்தச் சிறு வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து கோரை நிறைவுக்கு, அதாவது மேலும் காந்தமேறாத நிலைக்குத் தள்ளும். அப்போது கரண்ட் எகிறி அந்தப் பக்கத்து மொஸ்பெட் வெடிக்கும். சிறிய வாட்டில் சுருளின் தடை இதை ஓரளவு தானே திருத்திவிடும். நூறு அம்பியர் ஓடும் சுருளில் அப்படித் திருத்தத் தடை ஏது?

டிஎல்494 பழைய கம்பியூட்டர் பவர் சப்ளையிலேயே கிடைக்கும். ஆனால் மொஸ்பெட்டின் கேட்டை (அதைத் திறந்து மூடும் கால்) இறக்க வெளியே ட்ரான்சிஸ்டர் வேண்டும். எஸ்ஜி3525இல் டோட்டம்-போல் வெளியீடும் (கேட்டை ஏற்றவும் இறக்கவும் வல்லது) சொஃப்ட் ஸ்டார்ட்டும் (மெல்லத் தொடங்குவது) உண்டு. ஐசியை நிறுத்தும் அதன் 10ஆம் காலை மட்டும் சும்மா விடக்கூடாது, இரைச்சலில் நின்றுவிடும். இரண்டுமே வோல்டேஜ் மோட், அதாவது வெளியீட்டு வோல்ட்டைப் பார்த்தே துடிப்பை அமைப்பவை. 300 வாட் வரை எஸ்ஜி3525 போதும் என்பேன். அதற்கு மேல் என் தேர்வு யூசி3846. அது ஒவ்வொரு துடிப்பையும் கரண்ட்டைப் பார்த்தே வெட்டுவதால் சாயும் பக்கத்தின் துடிப்பு தானே குறுகும்.

கரண்ட்டை நேரடி ஷண்ட்டில் (கரண்ட் பாதையில் வைக்கும் சிறு தடை) அளக்காதீர்கள். ஐசியின் எல்லை ஏறத்தாழ 1.1 வோல்ட், நூறு அம்பியரில் அது நூறு வாட் சூடு. ஒவ்வொரு ட்ரெய்னிலும் (மொஸ்பெட்டில் ட்ரான்ஸ்போமரைச் சேரும் கால்) 1:200 கரண்ட் ட்ரான்ஸ்போமர் ஒன்று, அதன் முனைகளில் 1.5 ஓம் தடை: 130 அம்பியருக்கு ஏறக்குறைய 1 வோல்ட் வரும். தொடக்கத்து ஊசித்துடிப்பை 470 ஓம், 470 பிகோஃபரட் வடிகட்டி அடக்கும். ஸ்லோப் கொம்பன்சேஷனை (அளந்த கரண்ட்டோடு ஒரு சிறு சரிவலையைச் சேர்ப்பது) விட்டுவிட்டால், சுமை ஏறும்போது துடிப்புகள் ஒன்று நீளம், அடுத்தது குட்டை என்று தடுமாறும்.

பக்கத்துக்கு நான்கு மொஸ்பெட், ஒவ்வொன்றின் கேட் மின்னேற்றமும் 150 நானோகூலோம் என்றால் 100 நானோசெக்கனில் ஏற்ற 6 அம்பியர் தேவை. ஐசி தருவது அரை அம்பியர். இடையில் டிசி4420 ட்ரைவர் வையுங்கள். தலைகீழாக வேலை செய்யும் டிசி4429 என்றால், ஓய்வில் வெளியீடு உயர்ந்து நிற்கும் யூசி3847 வேண்டும். இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் ஐசி ஓய்வில் இருக்கும்போது இரு பக்கமும் ஒன்றாகத் திறந்துவிடும்.

மொஸ்பெட் 75 வோல்ட்டாக இருக்கட்டும். மூடிய பக்கத்தில் பற்றரி வோல்ட்டின் இருமடங்கு விழும்: சார்ஜில் 14.4இன் இருமடங்கு 28.8, கம்பியின் 20 நானோஹென்றி தூண்டல் மட்டும் 100 நானோசெக்கனில் நூறு அம்பியர் நிற்கும்போது இன்னும் 20 வோல்ட் கூட்டும்.

நுவரெலியாவில் சனவரியில் உறைபனி இறங்கும். யூசி3846 பூச்சியப் பாகைக்குக் கீழே உத்தரவாதம் இல்லாதது; வெளிக்கொட்டகையில் வைப்பதானால் யூசி2846 வாங்குங்கள்.

முதல் முறை பற்றரியோடு 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டு, சுமையில்லாமல் ஓட்டி, இரு ட்ரெய்ன்களின் அலைகளும் ஒரே அகலமா என்று ஸ்கோப்பில் பாருங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, சுருள்களின் முனைகளையும் ட்ரைவர்களையும் மறுபடி சோதியுங்கள்.