ஃப்ரீஸருக்குள் ஒரு பனியன்

மெல்போர்னில் ஜூலை மாதக் குளிர். திருப்பூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா, சட்னிக்குத் தேங்காய்த் துருவல் எடுக்க ஃப்ரீஸரைத் திறக்கிறார். கையில் சிக்கிய பொட்டலம் விறைப்பாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் மகனுடைய அரைக்கை பனியன்.

"என்றா கண்ணு, துவைக்கச் சோம்பல்பட்டு ஐஸ்ல வெச்சுட்டயா?"

"பிரிச்சராதம்மா! அது மெரினோ ஆட்டுக் கம்பளி. இன்னும் நாலு நாள் உள்ளயே இருக்கோணும்."

விஷயம் அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதே இல்லை. தின்பது அதன் புழு. கம்பளியும் நம் தலைமுடியும் ஒரே கெரட்டின் புரதம் என்பதால் அதற்கு அது விருந்துச் சாப்பாடு. துணியைக் காற்றுப் போகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த துணிமேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இதில் மகன் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்துப் புழுவுக்கு வெறும் கம்பளியைவிட வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட கம்பளிதான் பிடிக்கும். அம்மாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஒரே பனியனை நாலு நாளாப் போட்டா பூச்சி வராம மகாலட்சுமியா வருவா?"

நாலு நாள் போட்டதும் உண்மை, நாறவில்லை என்பதும் உண்மை. அம்மா சொன்னதைக் கேட்காமல் பையைப் பிரித்து, மோந்து பார்த்து, நம்பாமல் அப்பாவிடம் நீட்ட, அவரும் மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கம்பளி இழை தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வியர்வை நாற்றமும் அதோடு இழைக்குள் அடங்கி, துவைக்கும்போதுதான் வெளியேறும். பாலியஸ்டரில் நாற்றம் மேலேயே தங்கி, லிஃப்ட்டில் நமக்கு முன்னால் போய் நிற்கும். மெரினோவை இரவு நாற்காலி முதுகில் விரித்துப் போட்டுக் காற்று காட்டினால் காலையில் மறுபடி போடலாம். ஆனால் தினமும் துவைத்து உடுத்தும் வீட்டில், நாற்காலியில் கிடக்கும் போட்ட பனியன் என்பது காற்றாடும் துணி அல்ல, அவமானம்.

அப்பா முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தவர். இரண்டு விரலுக்கு நடுவே துணியைத் தேய்த்து, "சிங்கிள் ஜெர்ஸி. நூத்தம்பது ஜிஎஸ்எம்" என்றார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். லேபிளிலும் 150தான் இருந்தது. குத்தவில்லையே என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். இழையின் தடிமன் 30 மைக்ரானைத் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால்தான் தோலில் குத்தும். இந்த ரகத்துக்கு 17, 18 மைக்ரான்தான். கொடைக்கானல் மேலே மன்னவனூர் அரசுப் பண்ணையில் பாரத் மெரினோ ஆடு பார்த்தவர் அவர், ஆட்டைப் பார்த்தால் இவ்வளவு மென்மை தெரியாதாம். பிறகு தொப்புளுக்கு நேராக இருந்த மூன்று பொடி ஓட்டைகளைப் பார்த்தார்.

"இது பூச்சியில்லடா. ஜீன்ஸ் பட்டனும் சமையல் மேடையும் நடுவுல துணியை அரைக்குது."

பூச்சி கண்ட இடத்தில் கடிக்கும், ஒழுங்கில்லாமல். ஒரே இடத்தில், முன்பக்கம், பட்டன் உயரத்தில் ஓட்டை என்றால் உராய்வுதான். இந்த மெலிசுத் துணிக்கு அது சாபம். ஆக ஃப்ரீஸரில் மூன்று நாளாகப் பனியன் விறைத்துக் கிடந்தது அநியாயத்துக்கு.

மகன் வேலைக்குக் கிளம்பினதும் நடந்ததுதான் விபத்து. நாற்காலியில் அதே 150 ஜிஎஸ்எம்மில் இன்னொரு மெரினோ கிடந்தது, 100 டாலரைத் தொடும் சரக்கு. அம்மா கொதிக்கிற தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து, அரைமணி ஊறவைத்து, காலருக்கு பிரஷ் போட்டு, மெஷினில் 60 டிகிரியில் ஓட்டி, அதோடு விடாமல் டிரையரிலும் போட்டார். கம்பளிக்கு ஆகாதவை எல்லாம் ஒரே மதியத்தில் ஆயின.

இழையின் மேல் மீன் செதில்போல அடுக்கு உண்டு. சூடும் ஈரமும் சோப்பின் காரமும் சேர்ந்தால் இழை உப்பி, செதில் விரியும். அந்நேரம் உருட்டிப் புரட்டினால் இழைகள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும், பிறகு பிரியாது. செதிலை மழுக்கிப் பதப்படுத்திய மெஷின்-வாஷ் ரகம் ஓரளவு தாங்கும். இது அந்த ரகமில்லை. சோப்புத்தூளில் கறையைத் தின்னும் என்சைம் இருந்தால் இன்னொரு வினை: அதற்குக் கறைப் புரதம் எது, கம்பளிப் புரதம் எது என்று தெரியாது.

டிரையரிலிருந்து வெளியே வந்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அளவான கெட்டிச் சட்டை.

மகன் வந்து பார்த்தான். சத்தம் போடவில்லை, அதுதான் அம்மாவுக்குக் கலக்கமாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் தலைமுடிக் கண்டிஷனர் இரண்டு ஸ்பூன் கலந்து, அரைமணி ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நாலு பக்கமும் மெதுவாக இழுத்துப் பார்த்தான். லேசாகச் சுருங்கியிருந்தால் ஒரு சுற்று மீளும். இது முழுசாகக் கெட்டிப்பட்டுவிட்டது. வரவில்லை.

அன்று ராத்திரியே மெஷின் மேல் தமிழில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது: உள்பக்கம் வெளியே வரத் திருப்பு. வலைப் பையில் போடு. 30 டிகிரி, ஊல் சைக்கிள். கம்பளிக்கான திரவ சோப்பு மட்டும். சாஃப்ட்னர், பிளீச் வேண்டாம். முறுக்கிப் பிழியாதே. ஹேங்கரில் ஈரமாக மாட்டாதே, தோளில் கொம்பு முளைக்கும். நிழலில் படுக்கையாகக் காயவை. கீழே அம்மா பேனாவில் சேர்த்தது: "பொட்டியில எடுத்து வெக்கறதுக்கு முன்னாடி துவைச்சே தீரோணும்." அதை மகனால் அடிக்க முடியவில்லை. குளிர்காலம் முடிந்து எடுத்து வைக்கும் கம்பளி அழுக்காக இருந்தால் அந்துக்கு நாமே இலை போட்ட மாதிரி.

இதற்குள் அப்பா கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். கெட்டிப்பட்ட கம்பளியை வெட்டினால் நூல் பிரியாது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, சமையலறைத் தராசில் வைத்தார். மூன்று கிராம்.

"முந்நூறு ஜிஎஸ்எம்" என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். "பரப்பு பாதியாச்சு, ஜிஎஸ்எம் டபுளாச்சு. கம்பளி ஒரு கிராம்கூட வீணாகல பாரு."

மீதித் துணியை அம்மா நாலாக மடித்துத் தைத்துவிட்டார். இட்லிக் குண்டா பிடிக்க அந்த வீட்டில் அதைவிட நல்ல துணி கிடையாது. சூடு ஏறுவதே இல்லை.