கொலோனோஸ்கோபி பில்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கு

அமெரிக்காவில் குடல் மருத்துவர்களின் அலுவலகங்களில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு நாள் குறித்துவிட்டு வராமல் போகிறவர்களில் பலரைத் தடுப்பது குழாய் அல்ல, பில். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே பரிசோதனைக்கு மருத்துவர், பரிசோதனை மையம், மயக்க மருந்து கொடுப்பவர், பாலிப்பை (குடலின் உள்சுவரில் வளரும் சிறு கட்டி) சோதிக்கும் லேப் என நான்கு பக்கமிருந்து பில் வரலாம்.

2021 மே மாதம் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கும் வயது 50-லிருந்து 45-ஆகக் குறைக்கப்பட்டது. அறிகுறி எதுவும் இல்லாத 45 முதல் 75 வயதுக்காரர்களிடம், நெட்வொர்க்குக்குள் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்களிடம்) செய்யும் பரிசோதனைக்குப் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸ்கள் டிடக்டிபிளோ (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்டும் தொகை) கோபேயோ (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) வாங்கக் கூடாது. பரிசோதனையின்போதே பாலிப்பை எடுத்தாலும் இதே விதிதான். மயக்க மருந்து, லேப், வயிற்றைச் சுத்தம் செய்ய எழுதித்தரும் மருந்து எல்லாம் இதில் அடங்கும். 2010 மார்ச் 23-க்கு முன்பிருந்து மாறாமல் தொடரும் பழைய திட்டங்களும் குறுகிய காலத் திட்டங்களும் இந்த விதிக்குள் வராது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

விதி இப்படி இருந்தும் பில் வருவதற்குப் பெரும்பாலும் கோடிங்தான், அதாவது செய்த வேலையைக் குறிக்க பில்லில் போடும் எண்தான் காரணம். பாலிப் எடுத்ததும் 45378 என்ற கோட் பெரும்பாலும் 45385-ஆக மாறிவிடும். அதோடு, இது தடுப்புப் பரிசோதனை என்று காட்டும் 33 என்ற மாடிஃபையரைச் சேர்க்க மறந்தால், தடுப்புப் பரிசோதனை சிகிச்சைக் கணக்கில் ஏறி டிடக்டிபிளில் விழுந்துவிடும். இப்படி வந்த பில்லுக்கு உடனே பணம் கட்ட வேண்டாம். மருத்துவர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, இன்சூரன்ஸுக்குத் திருத்திய கிளெயிம் அனுப்பச் சொல்லுங்கள். அதையும் இன்சூரன்ஸ் மறுத்தால், மறுப்புக் கடிதம் கிடைத்த 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மெடிகேர்காரர்களுக்கு (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) கணக்கு வேறு: பாலிப் எடுத்தால் அவர்கள் கட்ட வேண்டிய பங்கு 2026 வரை 15 சதவீதம், அதன்பின் 10, 2030-லிருந்துதான் முழுக்க இலவசம்.

நாள் குறிக்கும்போதே கோட் எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, இன்சூரன்ஸ் கார்டின் பின்பக்க எண்ணில் பேசிவிடுங்கள். மயக்க மருந்து கொடுப்பவரும் லேப்பும் நெட்வொர்க்கில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பேசியவரின் பெயரும் அந்த அழைப்புக்கு அவர் தரும் குறிப்பு எண்ணும் எழுதி வைத்திருந்தால், பின்னால் தகராறு வரும்போது அதுதான் கை கொடுக்கும். டிடக்டிபிள் கட்டியே ஆகவேண்டிய நிலை என்றால், ஆஸ்பத்திரியைவிடத் தனி எண்டோஸ்கோபி மையத்தில் செலவு பொதுவாகக் குறைவு.

இன்சூரன்ஸே இல்லாதவர் வருடம் ஒருமுறை, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் ஃபிட் (FIT) மலப் பரிசோதனையில் தொடங்கலாம். வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பினால் போதும். லீவு போட வேண்டாம், காரில் கூட்டிப்போக ஆள் தேட வேண்டாம். ஆனால் அதில் ரத்தம் தெரிந்தால் கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். இன்சூரன்ஸ் உள்ளவருக்கு அந்த இரண்டாவது படியும் 2022 மே 31-க்குப் பிறகு தொடங்கும் திட்ட ஆண்டுகளில் இலவசம். இல்லாதவர், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையத்திலும், லாபநோக்கில்லாத ஆஸ்பத்திரியின் நிதியுதவிப் பிரிவிலும் முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

அறிகுறி இருந்தால் டிடக்டிபிள் வரும் என்று தெரிந்து, மலத்தில் ரத்தம் போவதைச் சிலர் மறைக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ரத்தம் போகிறது என்றால் மருத்துவர் அவசரமாக நாள் கொடுப்பார். மறைத்தால் மாதக்கணக்கில் வரிசையில் காத்திருக்க நேரிடலாம். பில்லைத் தவணையாகக் கட்ட வழி கேட்கலாம்.