பள்ளிகளுக்குக் கணினியும் தொடுதிரையும் வாங்கும் முன்

பல பள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் மடிக்கணினியும் தொடுதிரையும் வாங்கும்போது பேச்சு எப்போதும் எந்த மாடல் என்பதில்தான் தொடங்குகிறது. உண்மையில் அது கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. கட்டடத்தில் வைஃபையும் மின்சாரமும் தாங்குமா, கருவிக்கு எந்த வருடம் வரை அப்டேட் வரும், உடைந்தால் யார் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்ற மூன்றுக்கும் முதலில் விடை வேண்டும். விடை கிடைத்தால் மாடல் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

வைஃபையிலிருந்து ஆரம்பிப்போம். நடைபாதையில் ஓர் அக்சஸ் பாயிண்டை (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) மாட்டி நான்கு வகுப்பறைகளுக்குப் பகிர்வது பழைய பழக்கம். விற்பனையாளர் ஐந்து கருவிகளை வைத்துக் காட்டும்போது அது நன்றாகவே ஓடும். இணையவழித் தேர்வு அன்று நான்கு அறைகளிலும் தலா 30 பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் 120 கருவிகள் ஒரே ரேடியோவுக்காகப் போட்டியிடும்; பிள்ளைகள் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு கருவி என்றால் வகுப்பறைக்கு ஓர் அக்சஸ் பாயிண்ட், அதுவும் அறைக்குள்ளேயே, என்று திட்டமிடுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுத்தடுத்த அறைகளுக்கு அது போதாது என்பதால் மாணவர் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்திவிடுங்கள்.

இங்கே பலரும் தவறவிடுவது நெட்வொர்க் ஸ்விட்சின் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) மின்திறன். அக்சஸ் பாயிண்டுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் போகிறது. இப்படி மின்சாரம் அனுப்புவதற்கான 802.3ஏடி தரத்தில் ஒரு போர்ட் 30 வாட் வரை கொடுக்கும். ஆனால் 24 போர்ட் ஸ்விட்சின் மொத்த மின்திறன் 370 வாட் என்றால், முழு 30 வாட்டும் 12 போர்ட்டுகளுக்குத்தான் கிடைக்கும். பதின்மூன்றாவதைச் செருகும்போது அது எழும்பாது, அல்லது எழும்பி எழும்பி அணையும். பழுது அக்சஸ் பாயிண்டில்தான் என்று நினைத்துப் புதிதாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். விலைப்புள்ளி கேட்கும்போது போர்ட் எண்ணிக்கையோடு மொத்த வாட்டையும் கேளுங்கள்.

சார்ஜிங் வண்டிக்கும் இதே கணக்குதான். 30 மடிக்கணினி, ஒவ்வொன்றுக்கும் 65 வாட் அடாப்டர் என்றால் 1,950 வாட். இரண்டு வண்டிகளை ஒரே சர்க்யூட்டில் செருகினால் பிரேக்கர் விழ வாய்ப்பு அதிகம். சுழற்சி முறையில் சார்ஜ் செய்யும் வண்டியை வாங்குங்கள். நிறுத்தப் போகும் அறையை மின்பணியாளர் முன்கூட்டியே பார்த்துவிடட்டும்.

அடுத்தது அப்டேட் முடியும் தேதி. என் கணிப்பில் முழுக் கொள்முதலிலும் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்குக்கு (2021 முதல் வெளியான பிளாட்ஃபார்ம்களுக்கு, அதாவது கருவியின் அடிப்படை வன்பொருள் வடிவமைப்புகளுக்கு) 10 ஆண்டு தானியங்கி அப்டேட் உண்டு. ஆனால் அந்தப் பத்து ஆண்டு பிளாட்ஃபார்ம் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கிடங்கில் மிஞ்சியதைத் தள்ளுபடி விலையில் தந்தால், கூடவே கழிந்துபோன ஆண்டுகளையும் வாங்குகிறீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஆதரவுப் பட்டியலில் உள்ள ப்ராசஸரும் தேவை என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பள்ளிக் கணினிகள் ஒதுக்கப்பட்டன. ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் ‘ஒப்படைக்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு ஆண்டு பாதுகாப்பு அப்டேட்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

நினைவகமும் சேமிப்பும் மதர்போர்டில் ஒட்டப்பட்டு வந்தால் பிறகு கூட்ட முடியாது. 4 ஜிபி, 64 ஜிபி விண்டோஸ் மடிக்கணினி காகிதத்தில் குறைந்தபட்சத் தகுதியை எட்டும். இரண்டாவது பெரிய அப்டேட்டில் இடமில்லாமல் நிற்கும். 8 ஜிபி, 128 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

மாணவர் கையில் முதலில் போவது திரை, கீல், சாவிப்பலகை, சார்ஜிங் போர்ட். மாதிரிக் கருவியை வாங்கி, அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். யுஎஸ்பி-சி போர்ட் தனிச் சிறு போர்டில் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். மதர்போர்டோடு ஒட்டியிருந்தால் ஒரு துளை தளர்ந்ததற்கு முழுப் போர்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ராணுவத் தரச் சோதனையில் தேறியது என்ற முத்திரையைவிட இந்தப் பத்து நிமிடப் பரிசோதனையை நான் நம்புவேன். 100 கருவிக்கு 5 உபரிக் கருவிகளும், அதற்கு மேல் உபரி சார்ஜர்களும் அதே ஆர்டரில் சேரட்டும். கருவி பழுதான மாணவி அன்றே மாற்றுக் கருவியோடு வகுப்புக்குத் திரும்ப வேண்டும்.

தொடுதிரைக்கு ஒரு பழைய விதி: கடைசி வரிசையின் தூரம் திரை உயரத்தின் ஆறு மடங்கைத் தாண்டக் கூடாது. 65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 81 செ.மீ.; கிட்டத்தட்ட 4.8 மீட்டருக்குப் போதும். 75 அங்குலம் 5.6 மீட்டருக்கு, 86 அங்குலம் 6.4 மீட்டருக்கு. விரல் ஒளிக்கதிரை மறைப்பதை வைத்து அறியும் அகச்சிவப்புத் தொடு முறையில் சட்டத்தின் ஓரத்தில் சாக்பீஸ் தூசி படிந்தால் தொடாமலே கோடு விழும், நேர் வெயிலிலும் இதே தொல்லை வரும். வாரம் ஒருமுறை ஓரத்தைத் துடைப்பது யார் வேலை என்று இப்போதே முடிவு செய்யுங்கள். சுவர் செங்கல்லா, வெறும் தடுப்புப் பலகையா என்று பார்க்காமல் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள திரையை ஆர்டர் செய்யக் கூடாது.

கேபிள் தூரமும் முக்கியம். திரையில் தொடுவது கணினிக்குப் போவது யுஎஸ்பி கேபிள் வழியாகத்தான்; யுஎஸ்பி 2.0 கேபிளின் எல்லை 5 மீட்டர். ஆசிரியர் மேசை எட்டு மீட்டர் தள்ளி இருந்தால் படம் வரும், தொடுதல் வராது. அதற்குச் சிக்னலை வலுப்படுத்தி நீட்டும் ஆக்டிவ் எக்ஸ்டென்டர் வேண்டும், அல்லது மேசையை நகர்த்த வேண்டும். திரைக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு, கண்ணாடியைவிட வெகு சீக்கிரம் பழசாகிவிடும். கணினியைத் தனியே செருகி மாற்றக்கூடிய ஓபிஎஸ் துளை இருக்கிறதா என்று கேளுங்கள்.

சோதனை ஓட்டத்தை நல்ல அறையில் நடத்துவதில் பயனில்லை. வெயில் அதிகம் விழும் அறை, ஸ்விட்சிலிருந்து மிகத் தொலைவான அறை, கணினியில் ஆர்வம் குறைந்த ஆசிரியர் என்று தேர்ந்தெடுங்கள். வகுப்பு முழுக்க லாகின் ஆக எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று அளந்து குறியுங்கள். 40 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் அதிலேயே போனால், எவ்வளவு நல்ல கருவியும் அலமாரிக்குத்தான் போகும்.

ஒப்பந்தத்தில் வாரண்டி, பள்ளியில் நிறுவி ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்க வேண்டும், கிடங்கிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து அல்ல. ‘இணையான மாடல்’ தருவதாக இருந்தால் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். அனுமதிக்கப்பட்ட மாதிரியைக் காட்டிவிட்டு மங்கலான திரையுள்ள அதன் தம்பி மாடலை அனுப்புவது நடக்கக்கூடியதே. சரக்கு கிளம்பும் முன் சீரியல் எண் பட்டியல் எக்செல் கோப்பாக வரட்டும், அப்போதே எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் மேலாண்மைக் கணக்கில் பதிந்துவிடலாம். விலையை ஒப்பிடும்போது லைசென்ஸ், சார்ஜிங் வண்டி, பழுது, பயிற்சி எல்லாம் சேர்த்து ஐந்தாண்டுச் செலவாக ஒப்பிடுங்கள்.

பழைய கருவிகளைக் கழிக்கும்போது தரவை அழித்தால் மட்டும் போதாது. மேலாண்மைக் கணக்கிலிருந்தும் விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் கையில் அது மறுபடியும் உங்கள் பள்ளியின் லாகின் பக்கத்தையே கேட்டு நிற்கும். பேட்டரி உப்பியவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். அவற்றை மற்றவற்றோடு அடுக்கி லாரியில் ஏற்றக் கூடாது.