முடிச்சுப் போட்ட பை

சேலம் மாவட்டத்தில், பல ஊர்களின் குப்பை வந்து சேரும் ஒரு கிடங்கில் 11 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றால் சேர்வராயன் மலை தெளிவாகத் தெரியும். மலை உச்சியில் மேகம் இறங்கினால், குப்பையை மூட இன்னும் எத்தனை டிப்பர் மண் வேண்டும் என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடும். உறவினர் வீட்டு விசேஷங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "அந்த நாற்றத்தில் எப்படி இருந்தீர்கள்?" என்பது. மிஞ்சிய சாம்பாரையும் காய்கறித் தோலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சிந்தக்கூடாது என்று இறுக்கி முடிச்சுப் போடுகிறோமே, அந்த இடத்தில்தான் அந்த நாற்றம் பிறக்கிறது. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

காற்றுப் படும்படி வைத்தால் காய்கறிக் கழிவு பெரிய நாற்றமின்றி மக்கும். பைக்குள் அடைபட்டால், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. புளித்த, அழுகிய வாடையும் வாயுக்களும் அவற்றால் உண்டாகின்றன. அந்தப் பை வண்டியில் நசுங்கி உடையும்போது, அதே வண்டியில் வந்த அட்டையும் தாளும் நனைந்துவிடுகின்றன. உலர்ந்த அட்டையைக் காயலான் கடைக்காரர் எடைபோட்டு வாங்குவார். குழம்பில் ஊறிய அட்டையைத் தொடவும் மாட்டார். ஒரே ஒரு முடிச்சினால் உரமாக வேண்டியதும் காசாக வேண்டியதும் சேர்ந்து வீணாகின்றன.

அந்த முடிச்சை யாரோ ஒருவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்த ஓர் அக்காவின் உள்ளங்கையை, சோற்றுக்குள் கிடந்த உடைந்த டியூப் லைட் கிழித்துவிட்டது. கையுறை போட்டிருந்தும் அது குத்தியது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் யாரையும் குறை சொல்லவில்லை. "கண்ணாடியத் தாள்ல சுத்தி, மேல செவப்புப் பேனாவுல ஒரு கோடு போட்டாப் போதும் சார், நாங்க பாத்துக்குவோம்" என்று மட்டும் சொன்னார்.

நிலத்தில் குப்பையைப் புதைக்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் விரிவாகவே வகுத்தன. அடியில் 90 செ.மீ. இறுக்கிய களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிப்பில் அடர்த்தியான பிளாஸ்டிக் விரிப்பு, கசிவுநீரைச் சேகரிக்கும் குழாய்கள், அன்றாடம் கொட்டியதன்மேல் குறைந்தது 10 செ.மீ. மண், பருவமழைக்கு முன் 40 முதல் 65 செ.மீ. வரை மண் என்று அளவுகள் தரப்பட்டிருந்தன. அங்கே புதைக்கத் தகுந்தவை, உரமாகாத, மறுசுழற்சிக்கும் ஆகாத, எரிபொருளாகவும் பயன்படாத எச்சங்கள் மட்டுமே. நம் ஊர்களின் பழைய கிடங்குகளோ இப்படித் தொடங்கியவை அல்ல. அவை வெறும் தரையில், எல்லாக் குப்பையும் கலந்து வளர்ந்தவை. சேலம் மாநகரக் குப்பை முன்பு எருமாபாளையத்திலும் பின்னர் செட்டிச்சாவடியிலும் மேடாகச் சேர்ந்ததை இவ்வூரில் வாழ்ந்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பல ஆண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்து மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கும் பயோமைனிங் முறை இப்போது இருக்கிறது என்றாலும், வீட்டில் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலையைத்தான் அங்கே இயந்திரங்களை வைத்துச் செய்கிறோம்.

கிடங்கை நடத்துவது என்பது பெரும்பாலும் தண்ணீரை நடத்துவது. மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டி மழைநீரைக் குப்பையில் படாமல் திருப்பிவிட வேண்டும்; அதையும் மீறிக் குப்பைக்குள் இறங்கிய நீர் கருத்த கசிவாக வெளிவரும்போது, அது அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போகாமல் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். மழையே இல்லாத மாதங்களிலும் கசிவு நிற்பதில்லை, ஏனெனில் ஈரத்தை நாமே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மாம்பழக் காலத்தில் அழுகிய பழமும் கொட்டையும் வைக்கோலும் வந்து குவியும். ஆடிப் பண்டிகையின்போது வேப்பிலையும் வாழை இலையும், ஆயுத பூஜைக்கு மறுநாள் சாலையில் உடைத்த பூசணிக்காயும் வாழைக்கன்றுகளும் வரும். இவை அத்தனையும் தனியாக வந்திருந்தால் நல்ல உரமாகியிருக்கும் என்ற வருத்தம் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு இருந்தது.

தண்ணீருக்கு அடுத்தபடி நெருப்பு. காற்றில்லாமல் அழுகும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். அது காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். நசுங்கிய செல்போன் பேட்டரி ஒன்றே அந்தப் பொறிக்குப் போதும். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும் 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் கிடங்குகள் எரிந்தன. எங்கள் கிடங்கிலும் ஒரு கோடையில் தீப்பிடித்தது. மண் வண்டி வரவில்லை என்பதற்காக இரண்டு நாள் குப்பையை மூடாமல் விட்டது என் தவறு. மேலே தண்ணீரைப் பீய்ச்சினால் நெருப்பு அணைந்தது போலத் தெரியும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பொக்லைனால் வெட்டிப் பரப்பி, நனைத்து, மண்ணால் மூடி, முழுவதும் அணைக்க நான்கு நாட்கள் ஆயின. மூன்றாம் நாள் காலையில் பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் பேரனைத் தூக்கிக்கொண்டு வாயிலில் வந்து நின்றார். "ராத்திரியெல்லாம் பையன் இருமிக்கிட்டே கெடக்கறான் சாமி, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார். அவர் வீட்டுக் குப்பை அந்தக் கிடங்குக்கு வருவதே இல்லை. அந்தப் புகை முழுவதும் எங்களுடையது, நகரத்துக்காரர்களுடையது.

மலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலைமேல் குப்பையைப் புதைக்கும் இடம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும், எச்சத்தைச் சேர்த்துக் கீழே அனுப்ப ஒரு மூடிய நிலையம் மட்டும் மேலே இருக்கலாம், புதைக்கும் இடத்தை 25 கி.மீ.க்குள் சமவெளியில் தேட வேண்டும் என்றும் அதே விதிகள் கூறின. அதாவது ஏற்காட்டில் மிஞ்சும் எச்சம் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்கியாக வேண்டும். கோடை விழாவுக்குக் காரில் ஏறுபவர் காலித் தண்ணீர்ப் பாட்டிலை வளைவில் வீசினால், அது ஓடைக்குப் போகிறது. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இதே மலைத் தொடரில்தான் பிறக்கிறது. உணவு வாடை ஏறிய பையைக் காட்டெருமை தின்றால், செரிக்காத பிளாஸ்டிக் அதன் வயிற்றிலேயே தங்கிவிடும். மதுப் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் தரும் திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. கையில் திரும்பக் கிடைக்கும் பணம் எந்த அறிவிப்புப் பலகையையும் விட நன்றாக வேலை செய்யும் என்பது என் அனுபவம். தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அது வர வேண்டும் என்று விரும்புகிறேன். அதுவரை, நிரம்பிய பாட்டிலை மேலே கொண்டுபோன காரில் காலிப் பாட்டிலுக்கும் இடம் இருக்கத்தான் செய்யும்.

வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். மொட்டை மாடியில் ஓட்டை போட்ட இரண்டு பெரிய மண் தொட்டிகள் இருக்கின்றன. ஒரு கை காய்கறிக் கழிவுக்கு ஒரு கை காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க்கழிவு போட்டு, முதல் வாரம் சிறிது புளித்த மோர் தெளித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுகிறேன். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு போதவில்லை என்று பொருள். ஒன்று நிரம்பினால் மற்றொன்றைத் தொடங்குவேன். சுமார் இரண்டு மாதத்தில் முதல் தொட்டி உரமாகிவிடும். தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் ஈரக் குப்பையைப் பை இல்லாமல் வாளியிலிருந்து அப்படியே வண்டியில் கொட்டினால் போதும். பால் கவரை அலசிக் காயவைப்பதும், பேட்டரிகளையும் காலாவதி மாத்திரைகளையும் தனி டப்பாவில் சேர்த்துத் தனியாகத் தருவதும், நாப்கினைத் தாளில் சுற்றிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டன. கண்ணாடி உடைந்தால் சுற்றிக் கோடு போடுவதற்காக, குப்பைக் கூடைக்கு மேலே ஆணியில் ஒரு சிவப்புப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.