பட்டா யார் பெயரில்?

வங்கி வாசலில் இன்று, எங்கள் ஊரில் குத்தகைக்குப் பயிரிடும் பெரியவர் பாஸ்புக்கை நீட்டி, "கிசான் பணம் ஏறியிருக்கா பாருங்க தம்பி" என்றார்.

நூறு நாள் வேலைக் கூலி மட்டுமே பதிவாகியிருந்தது.

2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்கே தருகிறது. வருமான வரி கட்டுவோர் போன்ற சிலரை விலக்கினாலும், பட்டாதாரர் வயலில் இறங்குகிறாரா என்று அது கேட்பதில்லை.

வாய்மொழிக் குத்தகைக்காரர், தமிழ்நாட்டின் 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றக் கேட்டாலே நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சுகிறார். (ஏற்றினாலும் இந்தப் பணம் வராது என்பது வேறு.)

ஒடிசாவின் காலியா என்ற விவசாயி உதவித்தொகைத் திட்டம் பங்குக்குப் பயிரிடுவோரையும் சேர்த்துக்கொண்டது என்பதால், குத்தகைக்காரரைச் சேர்ப்பது நடைமுறையில் இயலாது என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.